6174: தொலைந்துபோன பூஜ்யம்

அன்புள்ள ஐயா,

காப்ரேகர் என்ற கணித அறிஞரின் பெயரால் வழங்கும் மாறிலி 6174 பற்றி நீங்கள் எழுதியதை ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குச் சொன்னேன். நான்கு இலக்க எண் ஒன்றை எடு; இலக்கங்களை இறங்கு வரிசையிலும் ஏறு வரிசையிலும் அடுக்கிக் கழி; விடையோடு மறுபடியும் அதையே செய்; கடைசியில் 6174-இல் வந்து நிற்கும். மூன்று எண்களுக்குச் சரியாக 6174 வந்தது. அடுத்து அவள் எடுத்தது 2111. விடை பூஜ்யம்! “உங்கள் எழுத்தாளர் பொய் சொல்கிறார் அப்பா” என்கிறாள். இன்னொன்று: நண்பர் ஒருவர் இந்த எண்ணைப் பூஜையறையில் எழுதி வைத்திருக்கிறார். அதில் ஏதாவது உண்டா?

ஒரு வாசகர், கரூர்

அன்புள்ள நண்பருக்கு,

நான் சொன்னதை நம்பாமல் போட்டுப் பார்த்தாளே, அதற்கே அவளைப் பாராட்ட வேண்டும். ஆனால் வழியில் ஒரு பூஜ்யத்தைத் தொலைத்துவிட்டாள். 2111-இல் 1112 போனால் 999. அதை அப்படியே திருப்பிக் கழித்தால் ஒன்றும் மிஞ்சாதுதான். 0999 என்று நான்கு இடத்தையும் காப்பாற்ற வேண்டும். 9990 – 0999 = 8991. 9981 – 1899 = 8082. 8820 – 0288 = 8532. 8532 – 2358 = 6174. எந்த எண்ணானாலும் ஏழு கழித்தலுக்குள் வந்து சேர்ந்துவிடும். 1111, 2222 போல ஒரே இலக்கம் நான்கு முறை வருபவை மட்டும் விலக்கு.

ஏன் இப்படி? இறங்கு வரிசையில் அடுக்கியபின் முதல் இலக்கத்துக்கும் கடைசி இலக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை 999-ஆலும், நடு இரண்டின் வித்தியாசத்தை 90-ஆலும் பெருக்கிக் கூட்டினால் கழித்தலின் விடை வந்துவிடும். ஆக 0000 முதல் 9999 வரை, விலக்குகள் போக உள்ள 9990 எண்களில் எதை எடுத்தாலும் முதல் கழித்தலிலேயே 54 விடைகளில் ஒன்றில்தான் போய் விழ முடியும். அந்த 54-ஐயும் ஒரு மழை நாளில் தாளில் போட்டுப் பார்த்தேன். எல்லாம் ஒரே கிணற்றில்தான் இறங்குகின்றன. மூன்று இலக்கத்துக்கு அந்தக் கிணறு 495. இரண்டு இலக்கத்தில் கிணறே கிடையாது: 09, 81, 63, 27, 45, மறுபடியும் 09 என்று செக்குமாடு போலச் சுற்றும்.

பூஜையறைக்கு வருவோம். நாம் பத்துப் பத்தாக எண்ணுவதால்தான் 6174. ஒரு கை விரல்களோடு நிறுத்தி ஐந்தைந்தாக எண்ணும் வழக்கம் இருந்திருந்தால் உங்கள் நண்பர் 3032 என்று எழுதியிருப்பார். (3320 – 0233; ஐந்தடிமானத்தில் கடன் வாங்கிக் கழித்துப் பாருங்கள்.) எனக்கு இந்த எண்ணில் பிடித்தது வேறு. இலக்கங்களைக் கூட்டினால் 18. அந்த 18-ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 343, அதாவது 7×7×7. இப்படித் தன் இலக்கக் கூட்டுத்தொகையால் வகுபடும் எண்களுக்கு ‘ஹர்ஷத்’, மகிழ்ச்சி தருபவை, என்று சமஸ்கிருதத்தில் பெயர் வைத்தவரும் காப்ரேகர்தான். 18-ஐயும் அதன் இருபடியையும் முப்படியையும் கூட்டினாலும் 6174.

காப்ரேகர் நாசிக் பக்கத்திலுள்ள தேவ்லாலியில் பள்ளி ஆசிரியர். முனைவர் பட்டம் கிடையாது. 6174-ஐ அவர் முதலில் சபையில் வைத்தது 1949-இல், நம் சென்னையில் நடந்த கணித மாநாட்டில். வெளியுலகம் அவரைப் பரவலாக அறிந்தது 1975-இல் கணிதப் புதிர்களுக்குப் பேர்போன அமெரிக்க எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் தன் பத்தியில் எழுதிய பிறகுதான்.

மகளிடம் அடுத்ததாக 59994-ஐக் கொடுங்கள். 53955 வரும். அதை அடுக்கிக் கழித்தால் மறுபடியும் 59994. இந்த முறை பூஜ்யம் எதுவும் தொலையவில்லை. யார் பொய் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.