அணுசக்தி நீர்மூழ்கிக்கு எரிபொருளே தீராது என்கிறார்கள். பிறகு ஏன் 30 வருடத்தில் ஓய்வு கொடுக்கிறார்கள்?

நான் கடற்படை ஆள் இல்லை, இந்தக் கப்பல்களைப் பற்றிப் படிப்பதில் பைத்தியம், அவ்வளவுதான்.

எரிபொருள் தீரும், ஆனால் மெதுவாக. பழைய கப்பல்களில் நடுவில் அணு உலையைத் திறந்து எரிபொருளை மாற்ற வேண்டும். கப்பல் வருடக்கணக்கில் பட்டறையில் கிடக்கும். இப்போது பிரிட்டனின் அஸ்டூட் வகைக்கு 25 வருடம், அமெரிக்காவின் வர்ஜீனியா வகைக்கு 33 வருடம் என்று கட்டும்போதே கணக்குப் போட்டு எரிபொருளை வைத்துவிடுகிறார்கள்.

அதோடு உடம்பும் தேய்கிறது. 10 மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 200 மீட்டரில் ஒரு சதுர சென்டிமீட்டர் மேல் சுமார் 20 கிலோ. ஒவ்வொரு முறை மூழ்கும்போதும் எஃகு உடல் கொஞ்சம் இறுகி, மேலே வரும்போது தளர்கிறது. கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் ஒரு கட்டத்தில் விரிசல் விடும் இல்லையா, அதே கதைதான்.

கணக்குப்படி எல்லாம் நடப்பதும் இல்லை. பிரிட்டனின் முதல் அணுசக்தி நீர்மூழ்கி டிரெட்நாட் 1963இல் பணியில் சேர்ந்தது. 1971இல் வடதுருவத்தில் பனியைப் பிளந்து மேலே வந்தது; எந்த பிரிட்டிஷ் நீர்மூழ்கியும் அதற்குமுன் செய்யாதது. 1980இல் இயந்திரப் பழுதோடு ஓய்வு. ஆக, உழைத்தது 17 வருடம். அப்புறம் ஸ்காட்லாந்தின் ரோசைத் துறையில் கட்டிப்போட்டு 40 வருடத்துக்கு மேல் ஆகிறது!

இது ஒன்று மட்டும் என்றால் பரவாயில்லை. 1980 முதல் ஓய்வு பெற்ற 20 நீர்மூழ்கிகளில் ஒன்றைக்கூட முழுதாகப் பிரித்து முடிக்கவில்லை, 9 கப்பல்களில் எரிபொருள்கூட இன்னும் உள்ளேயே இருக்கிறது என்று 2019இல் பிரிட்டனின் தணிக்கை அலுவலகமே சொன்னது. முதல் ஆளாக ஸ்விஃப்ட்ஷூர் என்ற நீர்மூழ்கியைப் பிரிக்கத் தொடங்கியதே 2016இல்தான். அதுவும் 1973 முதல் 1992 வரை, 19 வருடம் ஓடிய கப்பல்தான். என்னைக் கேட்டால், ஆயுள் கணக்கில் இந்தக் காத்திருப்பையும் சேர்க்க வேண்டும்.

அமெரிக்கர்கள் இதில் சுறுசுறுப்பு. வாஷிங்டன் மாநிலத்தின் பிரெமர்டன் பட்டறையில் எரிபொருளை எடுத்துவிட்டு, உலை இருக்கும் பகுதியை மட்டும் அறுத்து மூடி, மிதவையில் ஏற்றி கொலம்பியா ஆறு வழியாக ஹான்ஃபோர்டு என்ற அணுக்கழிவு வளாகத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே திறந்த பள்ளத்தில் இப்படி அறுத்த பகுதிகள் நூற்றுக்கும் மேல் வரிசையாக நிற்கின்றன. செயற்கைக்கோள் படத்தில் தேடிப் பாருங்கள், உருளை உருளையாகத் தெரியும்.