காக்காய் பிடிப்பது எப்படி வந்தது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

'காக்காய் பிடித்தல்' என்பது 'கால் கை பிடித்தல்' என்பதன் திரிபு என்று பள்ளியில் படித்தேன். அப்படியானால் திருத்தியே எழுதலாமே? காயல்பட்டினத்து நண்பர் ஒருவர் தம் அண்ணனைக் 'காக்கா' என்கிறார். அதுவும் இதுவும் ஒன்றா?

தங்கள் வாசகர், தஞ்சாவூர்

அன்புள்ள நண்பருக்கு,

திருத்த வேண்டாம். அந்த விளக்கத்தை நான் ஏற்கவில்லை. தமிழன் 'கைகால்' என்றுதான் சொல்வான். கைகால் வலி, கைகால் கழுவுதல். 'கையைக் காலைப் பிடித்தாவது வேலை வாங்கினேன்' என்ற வழக்கும் உயிரோடு இருக்கிறது. அது வேறு வழியற்றவனின் கெஞ்சல். காக்காய் பிடிப்பவனோ ஆதாயத்துக்காகக் குழைபவன். பொருளும் ஒட்டவில்லை, சொல்வரிசையும் ஒட்டவில்லை.

எனக்குத் தோன்றுவது இது: நாள்தோறும் கையை ஓங்கி விரட்டும் பறவையை, அமாவாசையன்று சோற்றுருண்டையோடு மாடியில் நின்று 'கா, கா' என்று கெஞ்சி அழைக்கிறோம். அந்தக் காட்சியைப் பார்த்த எவனோ ஒருவன் உருவாக்கிய சொல்லாக ஏன் இருக்கக்கூடாது?

காகத்தை நம் மக்கள் எவ்வளவு கூர்ந்து கவனித்திருக்கிறார்கள்! உடம்பு சரியாக நனையாமல் முடியும் குளியல் காக்காய்க் குளியல். மின்னி ஏமாற்றும் அப்பிரகம் (மைக்கா) காக்காய்ப்பொன். எனக்கு மிகப் பிடித்தது காக்காய்க் கடி. சட்டை நுனியில் மிட்டாயைச் சுற்றி, எச்சில் படாமல் கடித்து உடைத்து, தோழனுக்குப் பாதியைக் கொடுக்கும் குழந்தை, 'காக்கை கரவா கரைந்துண்ணும்' என்ற குறளைப் படித்திருக்காது. ஆனால் அதன்படி நடக்கிறது.

இந்தப் பறவையைப் பாடியதால் ஒரு புலவரின் பெயரே காக்கைபாடினியார் நச்செள்ளையார் ஆயிற்று. குறுந்தொகை 210-ஆம் பாடலில், தலைவன் திரும்பி வந்ததும் தோழி தன்னைப் பாராட்ட விடுவதில்லை. வள்ளல் நள்ளியின் காட்டு இடையர்களுடைய பசுக்கள் தந்த நெய்யோடு, தொண்டியில் விளைந்த வெண்ணெல் சோற்றை ஏழு கலத்தில் ஏந்திக் கொடுத்தாலும், விருந்து வரக் கரைந்த காக்கைக்கு அது சிறிய பலிதான் என்கிறாள். தலைவி காத்திருந்த நாள்களெல்லாம் அந்த ஏழு கலத்தில் இருக்கின்றன. இதைப் படித்தபின் காகத்தின் பெயரை ஒரு சொல்லிலிருந்து அழிக்க எனக்கு மனம் வராது.

உங்கள் நண்பரின் 'காக்கா' வேறு சொல். காயல்பட்டினத்திலும் இலங்கை முஸ்லிம்களிடமும் அது அண்ணனைக் குறிக்கும் மரியாதைச் சொல். அவரைச் சந்தித்தால் நீங்களும் தயங்காமல் அப்படியே அழையுங்கள்.