ஆறு மாதம் பயிற்சி இல்லையென்றால் படை இருக்குமா?

டெரிட்டோரியல் ஆர்மி, சுருக்கமாக டி.ஏ., எனப்படும் பகுதிநேர ராணுவத்தைப் பற்றி எழுதச் சொல்லி நிறையக் கேள்விகள் வந்திருந்தன. அவற்றில் ஆறுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: நான் பி.காம். இரண்டாம் ஆண்டு மாணவன். டெரிட்டோரியல் ஆர்மி என்றால் தோனி, மோகன்லால் போன்றவர்களுக்குக் கொடுக்கும் கௌரவப் பதவி என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் ஊரிலேயே அதற்கு ஒரு பட்டாலியன் இருக்கிறதாமே, உண்மையா? (மாணவர், கோவை)

பதில்: உண்மைதான் தம்பி. 110-வது காலாட்படை பட்டாலியன், மெட்ராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்தது, உங்கள் கோவையில்தான் இருக்கிறது. அதன் சகோதரப் பட்டாலியனான 122 கோழிக்கோட்டில் இருக்கிறது. 2024 ஜூலையில் வயநாட்டில் மலை சரிந்து முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போனபோது மீட்புக்குச் சென்றவர்களில் அந்த 122-இன் ஜவான்களும் உண்டு. மோகன்லால் கௌரவ லெப்டினன்ட் கர்னலாக இருப்பதும் அதே பட்டாலியனில்தான், 2009-லிருந்து. தோனிக்கு 2011-இல் கொடுத்தார்கள். பிரபலங்களின் படம் பேப்பரில் வந்தால் நாலு இளைஞர்கள் விசாரிப்பார்கள், அந்த அளவில் நல்லதுதான். ஆனால் சேற்றில் இறங்கியவர்கள் சீருடையைக் கழற்றினால் ஊருக்குப் போய் வேறு வேலை பார்ப்பவர்கள் என்பது பலருக்குத் தெரிவதில்லை, அதுதான் எனக்கு வருத்தம். சுதந்திரத்துக்குப் பிறகு 1948-இல் சட்டம் போட்டு, 1949 அக்டோபர் 9 அன்று கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி தொடங்கி வைத்த படை இது.

கேள்வி: பணம் இல்லாத காலத்தில் பகுதிநேரக்காரர்களின் பயிற்சியை ஆறு மாதம் நிறுத்தி வைத்தால் என்ன குடி முழுகிவிடும்? ஏற்கெனவே பயிற்சி பெற்றவர்கள்தானே, பிறகு கூப்பிட்டுக்கொள்ளலாமே? (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், திருச்சி)

பதில்: ஐயா, உங்கள் கேள்வியை நான் தப்பு சொல்ல மாட்டேன், ஏனென்றால் 2009 அக்டோபரில் பிரிட்டன் அரசாங்கமே இப்படித்தான் நினைத்தது. முழுநேர ராணுவத்துக்கு எதிர்பார்த்ததைவிட ஆள் அதிகம் சேர்ந்து செலவு ஏறிவிட்டது, எங்கிருந்தாவது ஈடுகட்ட வேண்டும். அங்கேயும் பகுதிநேரப் படைக்கு அப்போது டெரிட்டோரியல் ஆர்மி என்றுதான் பெயர். அதன் வழக்கமான பயிற்சியை ஏப்ரல் வரை, அதாவது ஆறு மாதம், நிறுத்திவிடலாம், 2 கோடி பவுண்டு மிச்சம் என்று முடிவெடுத்தார்கள். ஆப்கானிஸ்தானுக்குப் போகத் தேர்வானவர்களுக்கு மட்டும் பயிற்சி தொடரும் என்றார்கள்.

ஏன் எப்போதும் இங்கேயே கத்தரி விழுகிறது என்று பாருங்கள். ஒரு போர்க்கப்பல் ஆர்டரை ரத்து செய்தால் கம்பெனிக்கு நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும், முழுநேர வீரரை அனுப்பினால் பணிக்கொடை கொடுக்க வேண்டும். பகுதிநேரக்காரருக்கு வந்த நாளுக்குத்தான் கூலி, அதனால் கூப்பிடாமல் இருந்தால் போதும், அன்றைக்கே பணம் மிச்சம். கணக்கு எழுதுகிறவருக்கு இதைவிடச் சுலபமான வரி கிடைக்காது.

அந்தக் கணக்கில் வராதது என்ன? பிரிட்டனில் ஒரு பகுதிநேரச் சிப்பாய் என்றால் பெரும்பாலும் ஆண்டுக்கு 27 நாள் பயிற்சி. பகலில் எலெக்ட்ரீஷியனாகவோ ஆசிரியராகவோ இருப்பவர் வாரத்தில் ஒரு சாயங்காலம் டிரில் கூடத்துக்கு வந்து வயர்லெஸ், முதலுதவி, ஆயுதம் கையாளுவது என்று இரண்டு மணி நேரம் பழகுவார், நடுநடுவே சில வார இறுதிகள், அப்புறம் ஆண்டுக்கு ஒருமுறை பதினைந்து நாள் கேம்ப். அந்த ஆண்டுக்கான நாட்களை முடித்துத் தேர்வுகளையும் தாண்டினால் வரி இல்லாத ஒரு போனஸ் உண்டு. முழுநேரச் சிப்பாய்க்கு ஒரு பயிற்சி ரத்தானால் முகாமிலேயே இருந்து வேறொன்றைச் செய்துகொண்டிருப்பார். பகுதிநேரக்காரருக்கு இந்த 27 நாள்தான் ராணுவமே, அதில் ஆறு மாதத்தை எடுத்துவிட்டால் அவர் வெறும் எலெக்ட்ரீஷியன்.

எங்கள் ஊர்க் கபடி அணியில் நானும் ஆடியவன். மைதானத்தில் தண்ணீர் நின்று ஒரு பருவம் ஆட்டம் நின்றது. அடுத்த பருவத்தில் விசில் ஊதியபோது பதினோரு பேரில் ஆறு பேர்தான் வந்தார்கள், மற்றவர்களுக்குக் கோபமெல்லாம் இல்லை, சாயங்காலத்துக்கு வேறு வேலை அமைந்துவிட்டது. பகுதிநேரப் படையும் இப்படித்தான் கரையும். யாரும் ராஜினாமா எழுதிக் கொடுக்க மாட்டார்கள், வராமல் நின்றுவிடுவார்கள். அதில் முதலில் போவது யார் தெரியுமா, நல்ல வேலையும் குடும்பமும் உள்ள, படைக்கு ரொம்பவே தேவையான ஆள்.

ஆப்கானிஸ்தான் போகிறவர்களுக்கு மட்டும் பயிற்சி என்ற வாதம் எனக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. இந்த ஆண்டு பயிற்சி இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களிலிருந்துதானே அடுத்த ஆண்டு போகிறவர்களைப் பொறுக்க வேண்டும்? நாற்றங்காலைக் காயப் போட்டுவிட்டு நடவு வயலுக்கு மட்டும் தண்ணீர் பாய்ச்சுகிற கதை இது. ஆப்கானிஸ்தானில் இருந்த பிரிட்டனின் பாஸ்டியன் முகாம் மருத்துவமனையில் முறை வைத்துப் போய் வேலை செய்த டாக்டர்களிலும் நர்ஸ்களிலும் நிறையப் பேர் இந்தப் பகுதிநேரக்காரர்கள்தான்.

எதிர்ப்பு கிளம்பியது. பாதுகாப்பு அமைச்சர் பாப் ஐன்ஸ்வொர்த் முதலில் 25 லட்சம் பவுண்டு திருப்பித் தருகிறோம், மாதம் ஒரு சாயங்காலம் பயிற்சி வைத்துக்கொள்ளுங்கள் என்று பார்த்தார். அதுவும் எடுபடவில்லை. அக்டோபர் 28 அன்று பிரதமர் கார்டன் பிரவுன் முழு வெட்டையும் கைவிட்டார். அந்த ஆண்டு பிரிட்டனின் ராணுவ பட்ஜெட் 3,500 கோடி பவுண்டுக்கு மேல். அதில் 2 கோடி என்றால் ஆயிரம் ரூபாயில் அறுபது பைசாகூட இல்லை. இதற்காகத்தான் ஒரு படை முழுவதற்கும் 'நீங்கள் இப்போதைக்குத் தேவையில்லை' என்று சொல்லப் பார்த்தார்கள், அந்த வார்த்தையைக் கேட்டவர்கள் பணம் திரும்பி வந்தாலும் அதை மறந்திருக்க மாட்டார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

கேள்வி: அமெரிக்காவிடம் இல்லாத பணமா? அங்கே இந்தப் பிரச்சினை இருக்காது அல்லவா? (கல்லூரி ஆசிரியர், நாகர்கோவில்)

பதில்: இருக்கிறது, 2021-லேயே நடந்தது. அங்கே பகுதிநேரப் படைகளில் பெரியது நேஷனல் கார்டு. மாதம் ஒரு வார இறுதி, ஆண்டுக்கு ஒருமுறை பதினைந்து நாள், இதுதான் முறை. 2021 ஜனவரி 6 அன்று வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் கூட்டம் புகுந்த பிறகு, பாதுகாப்புக்கு நாடு முழுவதிலுமிருந்து கார்டு வீரர்களை வரவழைத்தார்கள். உச்சத்தில் சுமார் 26,000 பேர், மே மாதம் வரை ஒரு பகுதியினர் அங்கேயே இருந்தார்கள். செலவு 52.1 கோடி டாலர். இந்தப் பணம் கார்டு அந்த ஆண்டுப் பயிற்சிக்கும் சம்பளத்துக்கும் வைத்திருந்த கணக்கிலிருந்து போனது, நாடாளுமன்றம் பிறகு ஈடுகட்டும் என்ற நம்பிக்கையில்.

நாடாளுமன்றமோ இழுத்தது. மே மாதம் கீழவையில் மசோதா 213-க்கு 212 என்று ஒரே ஓட்டில் தப்பியது, அப்புறம் மேலவையில் இரண்டு மாதம் கிடந்தது. அமெரிக்க நிதியாண்டு செப்டம்பர் 30-இல் முடிகிறது. அதனால் ஆகஸ்டு, செப்டம்பர் பயிற்சிகளை ரத்து செய்ய வேண்டியிருக்கும், ஹெலிகாப்டர் பராமரிப்பும் நிற்கும் என்று கார்டின் தலைமை எச்சரித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ஜூலை 30 அன்று, ஆகஸ்டு பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது, கையெழுத்தானது.

இதில் என் மனதை உறுத்துவது ஒன்றுதான். கூப்பிட்டபோது வேலையை விட்டுவிட்டு ஓடி வந்து, குளிரில் வேலிக்குப் பக்கத்தில் நின்றவர்கள் அவர்கள். அந்த வேலைக்கான செலவை அவர்களுடைய பயிற்சியிலிருந்தே பிடிக்கப் பார்த்தால் எப்படி? ஒரு வார இறுதி ரத்தானால் இளம் சிப்பாய்க்கு அந்த மாதத்து வாடகையில் ஒரு பங்கு போகும். ஓய்வூதியக் கணக்கிலும் ஆண்டுக்கு 50 புள்ளி சேர்த்தால்தான் அது நல்ல ஆண்டு, அப்படி இருபது ஆண்டு வேண்டும். புள்ளி வருவதே பெரும்பாலும் பயிற்சிக்கு வருவதால்தான். 2013 அக்டோபரில் அமெரிக்க அரசு நிதி முடங்கியபோதும் வார இறுதிப் பயிற்சிகள் நின்றன.

கேள்வி: அப்படியானால் நிறையப் பணம் போட்டால் சரியாகிவிடுமா? (வாசகர், சேலம்)

பதில்: பாதி சரியாகும். அதே பிரிட்டனில் முழுநேர ராணுவத்தை 1,02,000-லிருந்து 82,000-ஆகக் குறைக்க முடிவெடுத்து, அந்த இடத்தை நிரப்பப் பகுதிநேரப் படையை 30,000 பயிற்சி பெற்ற வீரர்களாக வளர்க்கத் திட்டமிட்டார்கள். பத்தாண்டுக்கு 180 கோடி பவுண்டு ஒதுக்கினார்கள், 2014-இல் பெயரையும் ஆர்மி ரிசர்வ் என்று மாற்றினார்கள். ஆனால் ஆள்சேர்ப்பைத் தனியாரிடம் கொடுத்ததில் கம்ப்யூட்டர் கோளாறு, விண்ணப்பம் நகரவில்லை, மருத்துவப் பரிசோதனைக்கே மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது, குறித்த காலத்துக்குள் இலக்கை எட்டவில்லை. முன்பு ஒருவர் பக்கத்துத் தெரு டிரில் கூடத்துக்குப் போய்ப் பழைய சார்ஜெண்டிடம் பேசினால் கை பிடித்து அழைத்துப் போவார். அந்த உறவை அறுத்துவிட்டு எவ்வளவு பணம் போட்டாலும் ஆள் வர நாளாகும்.

கேள்வி: என் கணவர் டி.ஏ. ஜவான். எம்பாடி செய்தால், அதாவது பணிக்கு அழைத்தால், சம்பளம். டிஸ்எம்பாடி ஆகி வீட்டுக்கு அனுப்பிவிட்டால் வருமானம் இல்லை. எப்போது கூப்பிடுவார்கள் என்பதும் தெரியாது. இப்படியே போனால் பென்ஷன் வருமா? (குடும்பத் தலைவி, திருநெல்வேலி மாவட்டம்)

பதில்: சகோதரி, மற்ற எந்தக் கேள்வியையும்விட இதுதான் எனக்கு முக்கியம். டி.ஏ.வில் சேரும்போதே இது வேலைவாய்ப்பு இல்லை, வேறு பிழைப்பு உள்ளவர்கள் பகுதிநேரமாகச் செய்யும் சேவை என்று சொல்லித்தான் எடுக்கிறார்கள். நடைமுறையில் காலாட்படை பட்டாலியன்கள் காஷ்மீரிலும் வடகிழக்கிலும் ஆண்டுக்கணக்கில் பணியில் இருக்கின்றன, பிறகு திடீரென்று வீட்டுக்கு அனுப்பப்பட்டால் பழைய பிழைப்பு காத்துக்கொண்டா இருக்கும்? 2024 நவம்பரில் கோவையில் நடந்த ஆள்சேர்ப்புக்குப் பல மாநிலங்களிலிருந்து வந்து குவிந்த இளைஞர்கள் நிரந்தர வேலை என்று நம்பி வந்தவர்களா, விவரம் தெரிந்து வந்தவர்களா என்று நான் அப்போதே கவலைப்பட்டேன்.

பணத்தின் பிடி எவ்வளவு இறுக்கம் என்பதற்கு 2025 மே மாத உத்தரவே சாட்சி. பாகிஸ்தானுடன் மோதல் உச்சத்தில் இருந்த நாட்களில், டி.ஏ.வில் யாரை வேண்டுமானாலும் அழைக்கலாம் என்று ராணுவத் தளபதிக்கு அதிகாரம் கொடுத்தார்கள், இருக்கும் 32 காலாட்படை பட்டாலியன்களில் 14-ஐ எம்பாடி செய்ய ஒப்புதலும் தந்தார்கள். அதே உத்தரவில், பட்ஜெட்டில் பணம் இருந்தாலோ உள்ளுக்குள் மிச்சம் பிடித்து ஒதுக்கினாலோ மட்டுமே எம்பாடி செய்ய வேண்டும், வேறு அமைச்சகம் கேட்டு அழைத்தால் செலவு அந்த அமைச்சகத்தைச் சேரும் என்றும் இருந்தது. கணக்கு வேண்டும்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் வீட்டு அடுப்பு அந்த ஒரு வரியை நம்பி எரிகிறது என்பதையும் தில்லியில் யாராவது நினைக்க வேண்டும்.

பென்ஷன் விஷயம்: ஜவானுக்கு எம்பாடி ஆன சேவை மொத்தம் 15 ஆண்டு சேர வேண்டும், அதிகாரிக்கு 20. வீட்டில் இருந்த இடைவெளி கணக்கில் வராது, ஆனால் விட்டு விட்டுச் செய்த சேவையைக் கூட்டிக்கொள்வார்கள். எனவே ஒவ்வொரு முறை எம்பாடி, டிஸ்எம்பாடி ஆகும்போதும் சேவை விவரங்களைப் பதியும் பார்ட் டூ ஆர்டரில் தேதி சரியாக ஏறியிருக்கிறதா என்று உங்கள் கணவரைப் பார்க்கச் சொல்லுங்கள், ஒரு நகல் வீட்டிலும் இருக்கட்டும். இன்றைக்கே ஒரு நோட்டில் எழுத ஆரம்பியுங்கள். பத்து ஆண்டு கழித்துத் தேடினால் கிடைப்பது கஷ்டம்.

கேள்வி: என் பட்டறையில் லேத் ஓட்டும் பையன் டி.ஏ.வில் இருக்கிறான். கேம்ப், எம்பாடி என்று போய்விடுகிறான். மொத்தம் எட்டுப் பேர்தான் எங்களிடம், ஒரு ஆள் போனால் மெஷின் நின்றுவிடும். வேறு ஆள் போட்டுக்கொள்ளலாமா? (பட்டறை உரிமையாளர், ஓசூர்)

பதில்: தற்காலிகமாகப் போட்டுக்கொள்ளுங்கள், அவன் திரும்பியதும் அவனுடைய மெஷினை அவனுக்கே கொடுத்துவிடுங்கள். சேவை முடிந்து வருபவரை முன்பு இருந்ததைவிடக் குறையாத நிபந்தனைகளில் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று டி.ஏ. சட்டமே சொல்கிறது. உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது, எட்டுப் பேர் பட்டறையில் ஒருவர் இல்லாதது பெரிய கம்பெனியில் நூறு பேர் இல்லாததற்குச் சமம், சின்ன முதலாளிகளுக்கு அரசாங்கம் ஏதாவது ஈடு கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. அதுவரை, வழக்கமான கேம்ப் எந்த மாதம் என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே அவனிடம் கேட்டு வைத்துக்கொண்டு, பெரிய ஆர்டர்களை அதைத் தள்ளிப் பிடியுங்கள். எம்பாடிதான் சொல்லிக்கொண்டு வராது. அதற்கு இன்னொரு பையனுக்கு இப்போதே லேத் பழக்கி வையுங்கள், அவனே சொல்லிக் கொடுப்பான்.