துளையா, குழியா?

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு ஒன்பது வயது. கருந்துளைக்குள் விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்டாள். புழுத்துளை வழியாக வேறொரு பிரபஞ்சத்துக்குப் போய்விடலாம் என்றேன். யூடியூபில் அப்படித்தான் பார்த்தேன். சரியாகத்தான் சொன்னேனா? இதெல்லாம் நம் முன்னோர்களுக்கு அப்போதே தெரியும் என்கிறார்களே, உண்மையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முன்னோர்களை விட்டுவிடுவோம், எனக்குப் பொறுமை இல்லை.

பிள்ளை யோசித்துக் கேட்டிருக்கிறாள். நீங்கள் யோசிக்காமல் ஒப்பித்திருக்கிறீர்கள். விழுந்தால் திரும்ப முடியாது என்று சொல்லியிருந்தால் ஒன்பது வயதுக்குப் புரியாதா?

ஆனால் பாதித் தப்பு அந்தச் சொல்லுடையது. வெகுநாளாக என்னை அரித்துக்கொண்டிருக்கும் விஷயம் இது. தமிழில் துளை என்றால் மறுபக்கம் உண்டு. காதுத் துளையில் தோட்டை நுழைத்தால் பின்னால் திருகாணி போடலாம். மறுபக்கம் இல்லாதது குழி. (ஆழ்துளைக் கிணறு என்று என்னை மடக்க வேண்டாம், அது அரசாங்கத் தமிழ்.) ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல், நாம் துளையைப் பிடித்துக்கொண்டோம். கருங்குழி என்று வைத்திருக்கலாம். மதுராந்தகம் பக்கத்தில் அந்தப் பெயரில் ஓர் ஊர் இருக்கிறது, அது ஒன்றுதான் இடைஞ்சல். நிஜத்தில் அது குழிகூட இல்லை, அளவுக்கு மீறி நெருக்கப்பட்ட நிறை. சூரியனை 3 கிலோமீட்டர் ஆரத்துக்குள் அமுக்கினால் ஒளிகூட வெளியே வராது. எம்87 விண்மீன் திரளின் நடுவில் இருப்பதற்குச் சுமார் 650 கோடி சூரியன்களின் நிறை. அதன் நிழற்படம் 2019இல் வெளிவந்ததே, அதில் வாசலா தெரிந்தது?

புழுத்துளை, அதாவது வெளியின் இரண்டு இடங்களை இணைக்கும் குறுக்குவழி, அதுதான் உண்மையான துளை, ஆனால் காகிதத்தில். ஐன்ஸ்டைனும் ரோசனும் 1935இல் ஈர்ப்புச் சமன்பாடுகளுக்குள் ஒரு பாலத்தைக் கண்டார்கள். 1962இல் வீலரும் புல்லரும் போட்ட கணக்கில், ஓர் ஒளிக்கதிர் கடந்து முடிப்பதற்குள் அந்தப் பாலம் அறுந்துவிடுகிறது. அறுந்துபோகாமல் திறந்து வைக்க எதிர்மறை ஆற்றல் (பூஜ்யத்துக்கும் கீழான ஆற்றல்) வேண்டும் என்று 1988இல் மோரிஸும் தோர்னும் காட்டினார்கள். அந்த அளவுக்கு அதை யாரும் எங்கும் பார்த்ததில்லை.

இதற்கு ஆப்பிளைக் குடையும் புழுவை உவமை சொல்வார்கள். எனக்கு நீலம் மாம்பழம்தான். ஆடி மாதம் பாட்டி அரிவாள்மனையில் நறுக்குவாள். தோலில் ஒரு பொட்டு இருக்காது, கொட்டை பிளந்தால் மட்டும் கறுப்பாக ஒரு வண்டு நிதானமாக நடந்து வரும். எப்படிப் பாட்டி உள்ளே போச்சு? "அது அங்கேயே பொறக்குதுடா." விவசாயம் படித்த அக்காள் பின்னால் சொன்னாள்: பிஞ்சுத் தோலில் முட்டை, பொரிந்த புழு சதையைக் குடைந்து கொட்டைக்குள் போகும், காய் பெருக்கப் பெருக்க வந்த வழி தூர்ந்துவிடும். பாட்டியிடம் போய்ச் சொன்னேன். நம்பவில்லை.

சீசன் வரட்டும். ஒரு கிலோ நீலம் வாங்கி மகள் முன்னால் கொட்டையைப் பிளந்து காட்டுங்கள். வண்டு இல்லாவிட்டால் என்னைத் திட்டிவிட்டுப் பழத்தைச் சாப்பிடுங்கள்.