அந்தப் பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்

வீட்டு அலங்காரம் பற்றி எழுதத் தொடங்கியதிலிருந்து கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஐந்தாக்கியிருக்கிறேன்.

வெயிலுக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என்று வாங்கி வாங்கி, இரண்டு பெட்டி நிறைய பிளாஸ்டிக் பூவும் தோரணமும் சேர்ந்துவிட்டன. இனி சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் அலங்கரிக்க ஆசை. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு சணல், மரம், மூங்கில் என்று மாறிவிடலாமா?

வேண்டாம் தோழி. அந்தத் தவறை நான் செய்திருக்கிறேன். பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால், இதே நல்லெண்ணத்தில், ஒரு மூட்டை செயற்கைப் பூக்களைக் குப்பையில் போட்டேன். அடுத்த வாரம் சணல் தோரணங்கள் வந்து இறங்கின, ஒவ்வொன்றும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில். அந்த உறைகளை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தபோதுதான் என்ன செய்திருக்கிறேன் என்று புரிந்தது. நல்ல நிலையில் இருந்த பொருளைக் குப்பையாக்கி, இன்னொரு பொருளை உலகத்தில் செய்ய வைத்திருக்கிறேன். அது இன்றைக்கும் மனதில் உறுத்துகிறது.

உங்களிடம் இருக்கும் பூக்களைச் செய்ய கச்சா எண்ணெயும் மின்சாரமும் ஏற்கெனவே செலவாகிவிட்டன. வீசி எறிவதால் அது திரும்பி வராது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, நான்கு பங்காகப் பிரித்து வையுங்கள். பருவத்துக்கு ஒரு பங்கு மட்டும் வெளியே வரட்டும். ஒன்பது மாதம் கண்ணில் படாத பொருள் திரும்பி வரும்போது புதிதாகத்தான் தெரியும். நேர் வெயில் விழும் ஜன்னலில் மட்டும் வைக்காதீர்கள். புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டுப் பிளாஸ்டிக் மொறுமொறுவென்று ஆகி உதிர ஆரம்பித்துவிடும்.

பருவத்துக்கு ஏற்ப மாற வேண்டியவை உண்மையில் இரண்டுதான்: துணியும், வீட்டில் ஒரு மூலையும். வெயில் காலத்தில் வெளிர் நிறத் திரையைப் பகலில் இழுத்து மூடினால் அறைச்சூடு குறையும். குளிரில் உள்துணி வைத்துத் தைத்த கனமான திரை ஜன்னல் வழியே சூடு போவதைத் தடுக்கும். ஆக, திரை மாற்றுவது அழகுக்கு மட்டுமில்லை.

மூலை என்றால், எங்கள் வீட்டில் ஜன்னலோர அலமாரியின் மேல்தட்டு. அதில் ஒரு மண் ஜாடி, அதில் ஒரு காய்ந்த கிளை. ஏழு வருடமாக அதே கிளைதான். புயலில் ஒடிந்து விழுந்ததை எடுத்து வந்தேன். மழைக்காலத்தில் அதன் கீழே கூழாங்கற்களும் பாசி படிந்த ஒரு பட்டையும் இருக்கும். வெயில் வந்தால் அவற்றை எடுத்துவிட்டுத் தண்ணீர் நிரம்பிய கண்ணாடிக் கிண்ணம் ஒன்று. குளிருக்கு, கெடாமல் காயவைத்துப் பாடம் செய்த இலைகள். நம் மொழியில் வருடத்தை ஆறாகப் பிரித்து, பனிக்கே முன்பனி, பின்பனி என்று இரண்டு பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த அளவுக்கு உற்றுப் பார்த்தால் அந்த மூலையில் என்ன வைப்பது என்று தானே தெரிந்துவிடும்.

உதிர்ந்த இலைகளைச் சேகரித்து வைத்தேன். பாதி பூசணம் பிடித்தது, மீதி நொறுங்கிவிட்டது. என்ன தவறு செய்தேன்?

ஈரத்தோடு மூடி வைத்தால் பூசணம் பிடிக்கும். அப்படியே திறந்த வெளியில் காய விட்டால் சுருண்டு நொறுங்கும். உதிர்ந்த இலை என்றால் ஈரத்தை ஒற்றி எடுத்து, இரண்டு நாளிதழ்த் தாள்களுக்கு நடுவே ஒன்றின் மேல் ஒன்று படாமல் பரப்பி, மேலே கனமான புத்தகங்களை வையுங்கள். முதல் வாரம் இரண்டு நாளுக்கு ஒருமுறை தாளை மாற்ற வேண்டும். பலரும் விட்டுவிடுவது இந்தத் தாள் மாற்றுவதைத்தான். இரண்டு, மூன்று வாரத்தில் இலை தட்டையாகக் காய்ந்து, நிறமும் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

கிளையோடு பசுமையாக இருக்கும் முற்றிய இலைகளுக்கு வேறு வழி, கிளிசரின். ஒரு பங்கு கிளிசரினுக்கு இரண்டு பங்கு வெந்நீர். கிளையின் அடியைச் சாய்வாக வெட்டி, சுத்தியலால் லேசாக நசுக்கி, நான்கு விரற்கடை ஆழத்துக்கு அதில் நிற்க வையுங்கள். இலை தண்ணீரோடு கிளிசரினையும் உறிஞ்சும். தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், கிளிசரின் உள்ளேயே தங்கும். அதனால்தான் இலை நொறுங்காமல் தோல் மாதிரி வளைந்து கொடுக்கிறது. நரம்பு ஓரமாகத்தான் முதலில் நிறம் மாறும். பிறகு பழுப்பு மெல்ல மெல்ல விளிம்பு வரை பரவும். பச்சை போய்விடுகிறதே என்று வருந்தாதீர்கள், தேன் நிறமும் அழகுதான். இரண்டிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். இலையின் மேல் பிசுபிசுப்பாகத் துளிகள் கசிந்தால் போதும் என்று அர்த்தம், எடுத்துத் துடைத்துவிடுங்கள். தளிரும் ஏற்கெனவே உதிர்ந்த இலையும் இதற்கு ஆகாது. தளிர் வாடிவிடும், உதிர்ந்த இலை உறிஞ்சாது.

பூ என்றால் கொத்தாகக் கட்டி, இருட்டான காற்றோட்டமுள்ள இடத்தில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். வெளிச்சம் பட்டால் நிறம் போய்விடும். அப்புறம், காய்களையும் விதைகளையும் கொண்டு வந்தால் உள்ளே பூச்சி இருக்கலாம். ஒரு டப்பாவில் போட்டு மூடி ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்துவிட்டு எடுங்கள். தரையில் கிடப்பதை மட்டும் எடுங்கள், அதிலும் முழுவதையும் வேண்டாம். பறவைக்கும் எறும்புக்கும் மிச்சம் இருக்கட்டும்.

பூச்சாடியில் பூக்களைக் குத்தி நிறுத்தும் பச்சைக் கட்டி, பூ வாடியதும் மண்ணில் மக்கிவிடுமா?

மக்காது. பஞ்சு மாதிரி மென்மையாக இருப்பதால் நானும் ரொம்ப நாள் மக்கும் என்றே நம்பியிருந்தேன். அது பீனால் ஃபார்மால்டிஹைடு என்ற பிளாஸ்டிக். 1954-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. விரலால் அழுத்திப் பாருங்கள், பச்சைத் தூளாக உதிரும். அந்தத் தூள்தான் நுண்பிளாஸ்டிக். ஜாடித் தண்ணீரைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டினால் சாக்கடை வழியாக ஆறு, கடல் வரை போகும். பிரிட்டனின் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி என்ற தோட்டக்கலைச் சங்கம் 2021 முதல் தன் மலர்க் கண்காட்சிகளில் இதைத் தடை செய்துவிட்டது. வீட்டில் மீதி இருந்தால் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, தூளைக் குப்பையில் சேருங்கள், உரக்குழியில் போடாதீர்கள்.

இதற்குப் பதில் ஜப்பானிய மலர் அலங்காரத்தில் பயன்படும் கென்ஸான் அருமையானது. கனமான உலோகத் தட்டில் நெருக்கமாக ஊசிகள். ஒன்று வாங்கினால் ஆயுளுக்கும் வரும். வாங்க வேண்டாம் என்றால் பழைய கம்பி வலையைப் பந்தாகச் சுருட்டி ஜாடிக்குள் அழுத்துங்கள், தண்டு அசையாமல் நிற்கும். கென்ஸான் வந்த பிறகு நான் மூன்று தண்டுக்கு மேல் வைப்பதில்லை. பச்சைக் கட்டி இருந்தவரை, அதை மறைப்பதற்காகவே பத்துப் பதினைந்து பூ குத்த வேண்டியிருந்தது.

ஜிகினாத் தூள் இல்லாமல் பிள்ளைகள் எதையும் செய்ய மாட்டேன் என்கிறார்கள். மக்கும் ஜிகினா வாங்கலாமா?

சாதாரண ஜிகினா, அலுமினியம் பூசிய பிளாஸ்டிக் படலத்தை நறுக்கியது. தூளாக விற்கும் பிளாஸ்டிக் ஜிகினாவுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபர் 17 முதல் தடை கொண்டுவந்தது. மக்கும் என்று விற்கும் சில வகைகளிலும் செல்லுலோஸின் மேல் அலுமினியமும் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சும் இருக்கும், அதனால் நான் வாங்குவதில்லை. பிள்ளைகள் கையில் பஞ்சிங் மெஷினைக் கொடுத்து, பாடம் செய்த இலைகளில் ஓட்டை போடச் சொல்லுங்கள். மஞ்சள், சிவப்பு, பழுப்பு என்று வட்ட வட்டமாக விழும். அந்தச் சத்தத்துக்காகவே மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். தரையில் சிந்தினால் பெருக்கிச் செடிக்குப் போடலாம்.

பழைய குண்டு பல்பு சீரியல் செட்டை மாற்றத்தான் வேண்டுமா?

தினமும் மாலையில் எரிகிறது என்றால் மாற்றுங்கள், எல்இடிக்கு 75 சதவீதமாவது மின்சாரம் குறையும். வருடத்தில் இரண்டு மூன்று மாலைதான் என்றால் வயர் நல்லபடி இருக்கும்வரை அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வாசகர், அலமாரியில் வைத்திருந்த பைன் கூம்புகள் மழை நாளில் மூடிக்கொண்டன, கெட்டுவிட்டனவா என்று கேட்டிருந்தார். கெடவில்லை. அதன் ஒவ்வொரு செதிளிலும் இரண்டு அடுக்கு உண்டு. ஈரம் பட்டால் வெளி அடுக்கு அதிகம் உப்பி, செதிளை உள்பக்கமாக வளைக்கும். காற்று காய்ந்தால் மறுபடி விரியும். விதை நனையாமல், காய்ந்த நாளில் பறக்க மரம் செய்துவைத்த ஏற்பாடு இது. மரத்திலிருந்து விழுந்து பல வருடம் ஆன பிறகும் வேலை செய்யும். என்னிடம் இருப்பவற்றில் ஒன்று இப்போது பாதி மூடியிருக்கிறது, வெளியே மேகம் கட்டியிருக்கிறது.