மனுவை மூடுவது யார்? அரசு சேவைகளில் மக்கள் கருத்தறிவது பற்றிக் கேள்வி பதில்

மனுவை முடிந்ததாகக் கணக்கில் காட்டுவதுதான் மூடுவது. மனுதாரர் ஒப்புக்கொண்டால்தான் அப்படி மூடலாம் என்று சொல்லி வருகிறேன். அதையொட்டி வந்த கேள்விகள் இவை.

நகராட்சி ஊழியர் ஒருவர்: சேவை மையத்தில் டேப்லெட் வைத்து ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லலாமா?

வேண்டாம். சான்றிதழ் இன்னும் கவுன்டர்காரர் கையில் இருக்கும்போது அவர் கண்ணெதிரே யார் ஒற்றை நட்சத்திரம் போடுவார்? போட்டாலும், சராசரி 3.8 என்று வந்தால் அதை வைத்து எதைத் திருத்துவீர்கள்? திருப்தியைக் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள். எத்தனை தடவை அலைந்தீர்கள், எத்தனை நாள் ஆனது, ரசீதில் உள்ளதற்கு மேல் பணம் கேட்டார்களா, கேட்டது யார். நாலே கேள்வி, இரண்டு நிமிடப் போன்.

பயிற்சி அதிகாரி: வந்தவர்களை எல்லாம் போனில் கூப்பிடுவது நடக்கிற காரியமா?

எல்லாரையும் வேண்டியதில்லை. பாகிஸ்தான் பஞ்சாபின் ஜங் மாவட்டத்தில் 2008இல் மாவட்ட அதிகாரியாக இருந்த சுபைர் பட்டி, அலுவலகங்களுக்கு வந்துபோனவர்களின் கைபேசி எண்ணையும் கட்டிய தொகையையும் பட்டியலாக வாங்கினார். அதில் சிலரைத் தாமே கூப்பிட்டு லஞ்சம் கேட்டார்களா என்று விசாரித்தார். பிறகு அது மாகாணத் திட்டமாகவே விரிந்தது.

நீங்கள் செய்வதென்றால் ரசீது வரிசையில் பத்துக்கு ஒருவர் என்று எடுங்கள். யாரைக் கூப்பிடுவது என்பதை அந்த அலுவலக எழுத்தரிடம் விடாதீர்கள். மூன்று முறை முயலுங்கள், அதில் ஒன்று மாலை ஆறுக்கு மேல். இல்லாவிட்டால் கூலி வேலைக்குப் போகிறவர்கள் மொத்தமாக விடுபடுவார்கள். 100 பேரிடம் பேசிக் கிடைக்கும் சதவீதம் சுமார் 10 புள்ளி கூடவோ குறையவோ இருக்கலாம். 400 பேர் என்றால் 5. ஆகவே 100 பேரை வைத்துக்கொண்டு ‘போன மாதம் 62, இந்த மாதம் 66, முன்னேற்றம்’ என்று ஆய்வுக் கூட்டத்தில் படிக்காதீர்கள்.

எண்களையும் சோதியுங்கள். ஒரே கைபேசி எண் ஒரு மாதத்தில் ஐந்து மனுவுக்கு மேல் வந்தால் அது மனுதாரருடையது அல்ல. கணினி மையக்காரர், புரோக்கர், சில இடங்களில் எழுத்தரே. அவரைக் கூப்பிட்டுக் கேட்டால் எல்லாம் பிரமாதம் என்றுதான் சொல்வார்.

இன்னொரு ஓட்டை: ரசீதுப் பட்டியலில் வேலை ஏற்கப்பட்டவர்தான் இருப்பார். ‘இந்த பேப்பர் இல்லை, போய் வா’ என்று திருப்பி அனுப்பப்பட்டவர் அதில் இல்லை. டோக்கன் இயந்திரம் இருந்தால் கொடுத்த டோக்கனிலிருந்து போட்ட ரசீதைக் கழித்துப் பாருங்கள். டோக்கன் 180, ரசீது 110 என்றால் மிச்சம் 70 பேர் எங்கே என்பதுதான் முதல் கேள்வி.

கல்லூரி மாணவர்: எந்த ஆப் நல்லது?

ஆப் கடைசி. முதலில் மனு யார் மேசைக்குப் போகும், எத்தனை நாளில், தவறினால் யாருக்கு ஏறும் என்று ஒரு தாளில் எழுதுங்கள்.

பேரூராட்சியிலிருந்து: எஸ்எம்எஸ் மூலம் கேட்டால் மலிவு அல்லவா?

தமிழில் எண்ணிப் பாருங்கள். ஒரு தமிழ் எஸ்எம்எஸ்ஸுக்கு 70 இடம்தான். ‘பட்டா’ கண்ணுக்கு மூன்று எழுத்து. இயந்திரத்துக்குப் புள்ளியும் காலும் தனித்தனி, ஆக ஐந்து. ‘பட்டா மாற்றம் முடிந்ததா? முடிந்தால் 1, இல்லையெனில் 2 அனுப்புங்கள்’ என்பது 65. மனு எண்ணைச் சேர்த்தால் இரண்டு செய்தியாகிக் காசும் இரட்டிக்கும். பதில் அனுப்பவும் பலருக்குத் தயக்கம். முடிந்தது என்றால் ஓர் எண், முடியவில்லை என்றால் வேறோர் எண் என்று மிஸ்டு கால் வையுங்கள்.

ஒரு வாசகர்: என் பட்டா மனு ஆறு மாதமாகக் கிடப்பில் இருக்கிறது. என்ன செய்ய?

இங்கே அல்ல, தமிழக அரசின் குறைதீர் உதவி எண் 1100க்குப் பேசுங்கள். அல்லது திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் கொடுங்கள். பழைய மனு எண்ணைக் குறிப்பிட மறக்காதீர்கள்.

தன்னார்வலர்: புகார்களின் எண்ணிக்கை குறைந்தால் சேவை மேம்பட்டது என்று கொள்ளலாமா?

புகார் கொடுத்துப் பயனில்லை என்று மக்கள் விட்டுவிட்டாலும் எண்ணிக்கை குறையும். பெங்களூரில் சாமுவேல் பாலும் அவர் நிறுவிய பப்ளிக் அஃபயர்ஸ் சென்டரும் 1994, 1999, 2003 என்று மூன்று முறை, அரசு சேவைகளை மக்களே மதிப்பிடும் அறிக்கை அட்டையை வெளியிட்டார்கள். வீடுவீடாகப் போய்க் கேட்டதால், புகாரே கொடுக்காதவர்களின் அனுபவமும் அதில் பதிவானது. புகார்க் கணக்கும் வேண்டும், இப்படிப் போய்க் கேட்பதும் வேண்டும்.

வருவாய்த் துறை ஊழியர்: மனுதாரர் ஒப்புக்கொண்டால்தான் மனுவை மூடலாம் என்று சொல்லி வருகிறீர்கள். வழித் தகராறு மனு எந்தக் காலத்தில் மூடும்? ஒருவர் ஒப்பினால் பக்கத்து நிலத்துக்காரர் ஒப்ப மாட்டார்.

நியாயம். நான் சொல்வது, யார் மீது புகாரோ அவரே ‘உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று எழுதி மூடக் கூடாது என்பது. அந்த வாக்கியத்தையே கணினி ஏற்கக் கூடாது. மூன்றே முடிவு வையுங்கள்: ‘வேலை முடிந்தது’; ‘விதிப்படி முடியாது, விதி இன்னது’; ‘வேறு துறைக்குப் போனது’. மூன்றாவதில் நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கக் கூடாது. உங்கள் வழித் தகராறு இரண்டாவது வகை: உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று எழுத்தில் கொடுத்து மூடலாம்.

அதே ஊழியர்: மறுக்கப்பட்டவர் போனில் எங்களைத் திட்டத்தானே செய்வார்?

திட்டட்டும். அவரிடம் கேட்க வேண்டியது ‘காரணம் எழுத்தில் வந்ததா, புரிந்ததா’ என்பது மட்டும். வந்தது என்றால் உங்கள் கணக்கில் குறை இல்லை.

பத்திரிகையாளர் (இடையில்): அதிகாரியே முதலில் போன் போட்டு ‘முடிஞ்சதுன்னு சொல்லிடுங்க’ என்று கெஞ்சினால்? மிரட்டினால்?

அதனால்தான் கூப்பிடுவது வேறு துறையாக இருக்க வேண்டும். ‘இதற்கு முன் யாராவது போன் செய்தார்களா’ என்பதை ஐந்தாவது கேள்வியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். மூடிய மனுவை மறுபடி திறக்கும் மறுதிறப்பு ஒரே ஒரு முறை, அதுவும் அடுத்த மேலதிகாரியின் மேசையில். ஒன்றிய அரசின் குறைதீர் தளத்தில் 2024 முதல் கெடு 21 நாள், முன்பு 30. கெடு குறுகக் குறுக வெறும் சொல்லால் மூடும் ஆசை கூடும்; மூடியதில் எத்தனை மறுதிறப்பு என்பதைக் கெடுவுக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

மின்வாரியப் பொறியாளர்: ஒரே தெருவிளக்குக்கு ஒன்பது புகார் வருகிறது.

கம்ப எண்ணைக் கட்டாயமாக்கி ஒன்பதையும் ஒன்றாகச் சேர்க்கலாம். விளக்கு எரிந்ததும் ஒன்பது பேருக்கும் தகவல் போக வேண்டும். முதல் ஆளுக்கு மட்டும் அல்ல. பிரிட்டனில் 2007இல் தொடங்கிய ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட் தளத்தில் ஏற்கெனவே வந்த புகார்கள் வரைபடத்திலேயே தெரியும். நாலு வாரம் கழித்து ‘சரியானதா’ என்று புகார் கொடுத்தவரையே கேட்கிறது.

இன்னொருவர்: லஞ்சப் புகாரையும் இதிலேயே வாங்கலாமா?

பணம் கேட்டார்களா என்று எண்ணிக்கைக்குக் கேளுங்கள். பெயர் சொல்லிப் புகார் கொடுப்பவரை லஞ்ச ஒழிப்புத் துறைக்கு அனுப்புங்கள்.

இரண்டு பேர்: ஆப் எது என்று சொல்லவில்லையே?

மேலே பார்க்கவும்.

ஓய்வூதியப் பிரிவு எழுத்தர்: முதியோர் உதவித்தொகை வாங்குபவர்கள் பலருக்குப் போனே இல்லை.

பட்டியலில் மகன் எண் இருக்கும். அவர் பதில் பாட்டியின் பதில் ஆகாது. பணம் கொடுக்கும் நாளில், கொடுப்பவர் அல்லாத ஒருவர் வாசலில் நின்று பத்துக்கு ஒருவரிடம் இரண்டே கேள்வி கேட்கட்டும்: கையில் எவ்வளவு வந்தது, யாருக்காவது கொடுக்க வேண்டியிருந்ததா. தொகையை அவரையே எண்ணிக் காட்டச் சொல்லுங்கள்.