சிறுநீரக நோயாளிக்குத் தாவர உணவு: பருப்பையும் கிழங்கையும் எப்படிச் சமைப்பது?

கேள்வி: அப்பாவுக்கு வயது 61, எடை 60 கிலோ. சிறுநீரக நோய் மூன்றாம் நிலை, டயாலிசிஸ் இல்லை. கடைசி ரிப்போர்ட்டில் ரத்தத்தில் பொட்டாசியம் 5.4, இயல்பைவிட அதிகம். இறைச்சி, பால் இரண்டையும் விட்டுவிட்டு முழுக்கத் தாவர உணவுக்கு மாற ஆசைப்படுகிறார். ஆனால் பருப்பு கூடாது, கிழங்கு கூடாது, கீரை கூடாது என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பிறகு எதைத்தான் சமைப்பது?

பதில்: தாராளமாக மாறலாம். பருப்பை ஒதுக்கவே வேண்டாம். பழுதான சிறுநீரகத்தால் பாஸ்பரஸை சரியாக வெளியேற்ற முடியாது என்பதால்தான் பருப்பைக் கண்டு பயப்படுகிறார்கள். ஆனால் பருப்பிலும் தானியத்திலும் உள்ள பாஸ்பரஸ் பெரும்பாலும் ஃபைட்டேட் என்ற வடிவில் கட்டுண்டு இருப்பதால், அதில் பாதிக்கும் குறைவைத்தான் குடல் உறிஞ்சுகிறது. பாக்கெட் உணவுகளில் சேர்க்கும் பாஸ்பேட் அப்படியல்ல, அநேகமாக முழுவதும் ரத்தத்தில் சேர்ந்துவிடும். எனவே பயப்பட வேண்டியது பாக்கெட்டைப் பார்த்துத்தான். லேபிளில் 'பாஸ்பேட்' என்றோ, 338 முதல் 341 வரை, 450 முதல் 452 வரையுள்ள சேர்க்கைப் பொருள் எண்களோ இருந்தால் வாங்காதீர்கள். இறைச்சிக்குப் பதிலாக விற்கும் தாவரத் தயாரிப்புகளில் உப்பும் எக்கச்சக்கமாக இருக்கும்.

இப்போது அப்பாவுக்குக் கவனிக்க வேண்டியது பொட்டாசியம். அது நீரில் கரையும். சமையலில் நமக்குக் கிடைக்கும் பிடி அதுதான். உருளைக்கிழங்கைத் தோல் சீவி, விரல் நகத்தளவுத் துண்டுகளாக நறுக்குங்கள். துண்டுகள் தாராளமாக மிதக்கும் அளவு தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பிறகு புதுத் தண்ணீரில் வேகவைத்து, அதையும் வடித்துவிடுங்கள். பொட்டாசியத்தில் பாதியாவது தண்ணீரோடு போய்விடும். வெறுமனே ஊறவைத்தால் இந்தப் பலன் கிடைக்காது, ஆவியில் வேகவைத்தாலும் கிடைக்காது. குக்கரில் வைத்தாலும் வெந்த நீரைக் கீழே கொட்டினால்தான் பலன். அந்த நீரில் சத்து இருக்கிறதே என்று சூப் வைத்துவிடுகிறார்கள். வடித்த பொட்டாசியம் அப்படியே தட்டுக்குத் திரும்பிவிடும்.

பருப்பு, பயறு வகைகளையும் இரவே ஊறவைத்து, அந்த நீரை வடித்து, புது நீரில் நிறைய தண்ணீர் விட்டு வேகவைத்து மறுபடி வடியுங்கள். டின்னில் வரும் பயறு என்றால் நீரை வடித்து, நன்றாக அலசினால் உப்பும் குறையும். டோஃபுவில் (சோயா பனீர்) புரதத்தோடு ஒப்பிட்டால் பொட்டாசியம் குறைவு, ஆகவே வாரத்தில் சில நாள் பருப்புக்குப் பதில் அது இருக்கட்டும்.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர், கத்தரிக்காய், குடைமிளகாய், வெள்ளரி, வெங்காயம் ஆகியவற்றில் பொட்டாசியம் குறைவு. தினசரிச் சமையலை இவற்றை வைத்தே அமையுங்கள். பழத்தில் ஆப்பிள், திராட்சை. தக்காளி விழுது, உலர்ந்த பழம், பழச்சாறு, இளநீர் ஆகியவை இப்போதைக்கு வேண்டாம். நட்சத்திரப் பழத்தை ஒருபோதும் தொடக்கூடாது. அதிலுள்ள நச்சைச் சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாமல் வலிப்பு வரை போகலாம்.

உப்பு ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன். பாக்கெட் உணவில் உள்ளதும் இதில் அடக்கம். ருசிக்கு எலுமிச்சைச் சாறு, பூண்டு, மிளகு, சீரகம் போதும். 'சோடியம் குறைந்த உப்பு' என்று வாங்கிவிடாதீர்கள், தயவுசெய்து. அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். அப்பாவின் நிலையில் அது இதயத் துடிப்பையே குலைக்கக்கூடும்.

புரதம் கிலோவுக்கு 0.8 கிராம், அவருக்கு நாளொன்றுக்கு 48 கிராம் அளவில் வைக்கலாம். வெந்த பருப்பு 100 கிராமில் சுமார் 9 கிராம் கிடைக்கும், மீதி தானியத்திலும் டோஃபுவிலும் வரும். பாலையும் விடுவதால் பி12 மாத்திரை பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

ஒன்றைக் கட்டாயம் விசாரியுங்கள். சில ரத்த அழுத்த மாத்திரைகளும், கட்டுப்படாத சர்க்கரையும், மலச்சிக்கலும்கூடப் பொட்டாசியத்தை ஏற்றும். காரணம் அங்கே இருந்தால் காய்கறியைக் குறைத்து என்ன பயன்? மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். உணவை மாற்றிய சில வாரங்களில் ரத்தப் பரிசோதனை செய்து, பொட்டாசியம் இறங்கியிருந்தால் கட்டுப்பாட்டை டாக்டரிடம் கேட்டுத் தளர்த்துங்கள். பிற்காலத்தில் டயாலிசிஸ் தேவைப்பட்டால் புரதம் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டியிருக்கும். அப்போது இந்தக் கணக்கையே புதிதாகப் போட வேண்டும்.